மிதந்தால் அழுகல்

ஓட்டுப்பட்டியில் கோழிகள் அதிகம், முட்டைகள் அதைவிட அதிகம். புத்தியை மட்டும் ஆண்டவன் கை இறுக்கமாகவே அளந்திருந்தான்.

அந்த ஊர் முட்டைக் கிடங்கில் வேலை பார்த்த செங்கோடன், வாய் சும்மா இராமல் மச்சான் பழனியப்பனிடம் ஒரு பந்தயம் கட்டிவிட்டான். கடலுக்குள் தலையை விட்டு நல்ல கிளிமீன் ஒன்றைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தால் மச்சான் பாதி மீசையை எடுக்கவேண்டும். பார்க்காமல் வந்தால் செங்கோடன் எடுக்கவேண்டும். செங்கோடனுக்கு அந்த மீசை உயிர். அதற்கென்று தனியாக விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருந்தான்.

கூட வேலை பார்க்கும் அத்தியப்பனையும் பொன்னுரங்கத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினான். தெற்கே ஒரு கடற்கரை ஊரில், மரியநாதன் என்ற படகுக்காரர் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிவிட்டு மீன் காட்டுவதாகக் கேள்வி. மூவரும் அவரிடம் போய் நின்றார்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. கரையில் குவிந்து கிடந்த மிதவைகளைக் காட்டினார்.

"அண்ணே, உங்களுக்குத் தோதானதை நீங்களே பாத்து எடுங்க. தண்ணியில போட்டுச் சோதிச்சிருங்க. கெட்டுப்போனதை மட்டும் தொட்டுராதீங்க. நான் டீசல் வாங்கிட்டு வந்துர்றேன்."

தண்ணீரில் போட்டுச் சோதிப்பதா! மூவருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஓட்டுப்பட்டியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்: மூழ்கினால் நல்ல முட்டை, நடுவில் நின்றால் பழசு, மிதந்தால் அழுகல்.

முதலில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டார்கள். மிதந்தது. பொன்னுரங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை ஒதுக்கினான். காற்றடைத்த டியூபும் மிதந்தது, இடுப்பு பெல்ட்டும் மிதந்தது. அத்தியப்பன் விடாமல் ஒன்றைக் காதோரம் வைத்துக் குலுக்கினான். இன்னொன்றை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே கரு தெரிகிறதா என்று பார்த்தான். ஒன்றும் தேறவில்லை.

"அந்த மனுசன ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டாங்க," என்றான் அத்தியப்பன்.

செங்கோடனுக்குப் பந்தயம் நினைவுக்கு வந்தது. கை தானாக மீசைக்குப் போனது. அப்போதுதான் படகு முனையில் இருந்த இரும்பு நங்கூரம் கண்ணில் பட்டது. மூவருமாகத் தூக்கிப் போட்டார்கள். அது நேரே அடியில் போய் உட்கார்ந்தது.

"இன்னிக்குக் காலையில இட்டதப்பா," என்றான் செங்கோடன், கண் கலங்க.

மரியநாதன் டீசல் கேனோடு திரும்பியபோது, செங்கோடன் மறுபடி மேலே இழுத்தெடுத்த நங்கூரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். மார்பளவுத் தண்ணீர்தான். ஆனாலும் ஆள் முழுசாக உள்ளே போய்விட்டான். மற்ற இருவரும் பெருமையோடு கைதட்டினார்கள். மரியநாதன் கேனை வீசிவிட்டு, ஒரு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். அவர் மிதந்தார்.

"நல்ல மனுசன்," என்றான் பொன்னுரங்கம் வருத்தத்தோடு. "இத்தன சீக்கிரம் கெட்டுப் போவாருன்னு நெனைக்கல."

அவர் செங்கோடனை மேலே இழுத்து, திட்டித் தீர்த்து, அவனுக்கும் ஒரு சட்டையும் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிப் பாறையோரம் இழுத்துப் போனார். ஊரார் முன்னால் இப்படி மிதக்கிறோமே என்று செங்கோடன் கூனிக் குறுகினான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர் பஸ் நிறுத்தத்தில் மச்சான் காத்திருந்தார். மீனைப் பார்த்தாயிற்று என்று கேட்டதும் அவர் கை தன் மீசையைத் தடவியது. ஆனால் செங்கோடன் நாணயமானவன். சரக்கு விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"பாத்தனுங்க மச்சான். ஆனா அது மேலயும் வரல, அடியிலயும் உக்காரல. நடுவாலயே நின்னுது. ஒரு வாரத்துப் பழசுங்க."

நல்ல மீன் என்றுதானே பேச்சு? செங்கோடன் நேரே சலூனுக்குப் போய், மனதைக் கல்லாக்கிக்கொண்டு பாதி மீசையைக் கொடுத்தான். வழித்த முடி கிண்ணத்துத் தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மிதந்தது.

"நல்ல வேளை எடுத்தோம்," என்றான் செங்கோடன், நிம்மதியாக.

மச்சான் தன் மீசையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.