நாவலிப் பாறை

அல்லிக்குளத்தின் நடுவில் ஒரு பெரிய பாறை இருந்தது. காலையில் முதல் வெயில் அதன்மேல்தான் விழும். மாலையில் கடைசி வெயிலும் அங்கேதான் நிற்கும். கொக்குகளும் நாரைகளும் வாத்துகளும் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். நீர்க்காகங்கள் மட்டும் அதில் கால் வைக்கக் கூடாது.

“கறுப்பு ஏறினால் பாறை அழுக்காகிவிடும்!” என்பார் கொக்குத் தலைவர் வெள்ளைச்சாமி. அதைக் கேட்டுக் கேட்டு, பாறையின் நிறமே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. அதுவும் கறுப்புதான்.

வாத்தின் சிறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் சிறகு அப்படியல்ல. முங்கி எழுந்தால் ஊறிக் கனத்துவிடும். வெயிலில் விரித்துப் பிடித்துக் காயவைத்தால்தான் உடம்பில் சூடு தங்கும். ஆனால் அவற்றுக்குக் கிடைத்ததோ, சேற்று மூலையில் நிழலுக்குள் நின்ற ஒற்றைக் கருவேல மரம். மழைக்காலம் வந்துவிட்டால் அங்கே குஞ்சுகளும் வயதானவையும் ஈரம் காயாமலே நடுங்கிச் சாகும்.

அந்த மரத்தில்தான் நாவலி பிறந்தாள். நல்ல நாளில் ஒரு கெண்டைக்குஞ்சு, இல்லாத நாளில் வெறும் நத்தை. அப்படித்தான் வளர்ந்தாள்.

ஆண்டுதோறும் பாறைமேல் அழகுப் போட்டி நடக்கும். வெள்ளைக் கொக்குகளே மாறி மாறி ஜெயிக்கும். அந்த ஆண்டு நடுவராக வந்தது ஒரு பூநாரை. தூர தேசத்துப் பறவை. ஊர் வழக்கம் தெரியாது.

“எல்லாரும் வந்தாயிற்றா?” என்று கேட்டது பூநாரை.

“வந்தாயிற்று அம்மா!” என்றார் வெள்ளைச்சாமி.

“அதோ, அந்த மரத்தில் இருப்பவர்கள்?”

“அதுகளா? அதுகள் சும்மா பக்கத்தில் இருக்கிறதுகள்!”

“சும்மா இருப்பவர்களும் வரட்டும். இல்லையென்றால் நான் கிளம்புகிறேன்!”

செய்தி கருவேல மரத்துக்குப் போனது.

“போகாதேடி, சிரிப்பாங்க!” என்றாள் நாவலியின் ஆத்தா. அவளுக்கு அப்போதே நெஞ்சில் குளிர் பிடித்திருந்தது.

“சிரிச்சுட்டுப் போறாங்க ஆத்தா! ஜெயிச்சவங்களை என்ன வேணும்னு கேப்பாங்களாம். பாறையில உனக்கு ஒரு இடம் கேப்பேன். வர்ற மழைக்கு நீ இந்த மரத்துல தாங்கமாட்டே.”

நாவலி முங்கி நீந்திப் போய்ப் பாறையில் ஏறினாள். மற்றவர்கள் தாமரை மகரந்தம் பூசி, அல்லிப்பூ சூடி வந்திருந்தார்கள். இவள் மேல் தண்ணீர்தான் சொட்டியது.

“இதென்னம்மா, அடுப்புக்குள்ளேயிருந்து நேரா எழுந்து வந்திருச்சா?” என்றது ஒரு வாத்து. எல்லாரும் சிரித்தார்கள்.

நாவலிக்கு ஒயிலாக நடக்கத் தெரியாது. தெரிந்ததைச் செய்தாள். இரண்டு சிறகையும் அகல விரித்து வெயிலுக்கு நேரே நின்றாள். வெயில் விழுந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து மயில்பச்சை வந்தது, நீலம் வந்தது, செம்பு மினுங்கியது. சிரித்துக்கொண்டிருந்த வாத்தின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

“இவள்தான்!” என்றது பூநாரை. சொல்லிவிட்டு மறுநாள் தன் வழியில் பறந்துபோய்விட்டது.

கொக்குகள் கூடிப் பேசின.

“இப்போது என்ன செய்வது தலைவரே?”

“என்ன செய்வதா? பாராட்டு விழா எடுப்போம்!” என்றார் வெள்ளைச்சாமி.

விழா நாள் வந்தது. நாவலி விடிந்ததும் மீன் பிடித்து ஆத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, ஈரச் சிறகோடு பாறைக்கு வந்தாள். ஏறியதும் சிறகை விரிக்கப் போனாள்.

“இரு, இரு! முதலில் பொன்னாடை!” என்றார் வெள்ளைச்சாமி.

கோரைப்புல்லில் பின்னி, கொக்கு இறகு வைத்துத் தைத்த ஆடை. பேர்தான் பொன். நிறமெல்லாம் வெள்ளை. அதைத் தோளில் இறுக்கிப் போர்த்தினார்.

“சேற்றில் பிறந்தாலும் செந்தாமரை நம் நாவலி!” என்று இன்னொன்றைப் போர்த்தியது நாரை.

“கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா!” என்று மற்றொன்றைப் போர்த்தியது வாத்து.

“மத்த நீர்க்காகம் மாதிரியா இவ? நம்மள மாதிரி!” என்றபடி மீன்கொத்தி வந்தது. அதன் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

போர்த்தப் போர்த்த நாவலிக்கு மூச்சு முட்டியது. ஈரம் உள்ளேயே நின்று உடம்பு விறைத்தது. “ஐயா, நான் ஒரு வார்த்தை…” என்றாள்.

“பேச்செல்லாம் கடைசியில்! நீ சிரித்த முகமாக இரு!”

பாறைக்குக் கீழே ஏதோ சத்தம். ஆத்தா நீந்தி வந்திருந்தாள்.

“எம்மவளுக்கு விழாங்க…”

“அழைப்பு இருக்கா?” என்றது காவலுக்கு நின்ற வாத்து.

“பெத்தவளுக்கு எதுக்குங்க அழைப்பு?”

“தண்ணியிலேயே நில்லு. அங்கேயிருந்தே நல்லாத் தெரியும்!”

ஆத்தா அண்ணாந்து பார்த்தாள். பாறைமேல் வெள்ளையாய் ஒரு குவியல்தான் தெரிந்தது. “எம்மவ எங்கங்க?” என்று கேட்டாள்.

அந்தக் குரல் நாவலிக்குக் கேட்டது. குவியலுக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கத்தினாள்: “எனக்குப் பொன்னாடை வேண்டாம்! ஜெயித்தால் கேட்டது தருவீர்களே! என் ஆத்தா மேலே வரட்டும். எங்கள் ஆட்கள் இந்தப் பாறையில் சிறகு காயவைக்கட்டும். அது போதும்!”

எல்லாரும் வெள்ளைச்சாமியைப் பார்த்தார்கள்.

வெள்ளைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கேட்டீர்களா? தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை! என்ன பாசம்! தட்டுங்கள் சிறகை!”

எல்லாரும் தட்டினார்கள். சிலர் அழுதார்கள்கூட.

“இந்தப் பாசத்துக்காகவே இன்னொரு பொன்னாடை! இன்று முதல் இதற்கு நாவலிப் பாறை என்று பெயர்!”

“பேர் வேண்டாம் ஐயா, இடம்…”

அதற்குமேல் கேட்கவில்லை. கடைசிப் பொன்னாடை தலையையும் மூடிவிட்டது.

எல்லாரும் விருந்துக்குப் போனபிறகு நாவலி உருண்டு புரண்டு வெளியே வந்தாள். ஆத்தா தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அலகு கிடுகிடுவென்று ஆடியது.

“நல்லா நடந்துச்சா தாயி?” என்று கேட்டாள்.

நாவலி தண்ணீரில் இறங்கி ஆத்தாவை ஒட்டி நின்றாள். இருவரும் கருவேல மரத்துக்கு நீந்திப் போனார்கள். அந்த மழைக்கு ஆத்தா தாங்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், பிழைத்துக்கிடந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நாவலி பாறைக்கு வந்தாள். காவலுக்குப் புதிதாய் ஒரு வாத்து நின்றது.

“ஏய், ஏய்! எங்கே ஏறுறே? இது நாவலிப் பாறை! நீர்க்காகமெல்லாம் ஏறக் கூடாது!”

“நான்தான் நாவலி.”

வாத்து அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. “ஆள் தெரியாதுன்னு நினைச்சியா? நாவலியம்மா வெள்ளை வெளேர்னு இருப்பாங்களாம்! போ, போ!”

குஞ்சுகள் நடுங்கின. நாவலி வாத்துக்குப் பின்னால் பார்த்தாள். பாறையில் கால் வைக்க இடமில்லை. அடுத்த விழாவுக்காக எடுத்துப்போட்டிருந்த பொன்னாடைகளெல்லாம் வெயிலில் விரிந்து காய்ந்துகொண்டிருந்தன.

பிள்ளைகளே, உட்கார இடம் தர மனமில்லாதவர்கள்தான், போர்த்திவிடப் பொன்னாடையோடு முதலில் ஓடி வருவார்கள்.