பிள்ளை தொட்ட கை

நரம்பு மருத்துவர் அமலோற்பவத்திடம் தொழில் கற்க வந்திருந்தான் மாணிக்கவேல். படிப்பில் கெட்டிக்காரன். நோயாளி சொல்வதைக் காட்டிலும் பரிசோதனைத் தாள் சொல்வதை நம்புகிறவன்.

ஒருநாள் செண்பகவல்லி என்றொரு பெண் வந்தாள். நூற்பாலை இயந்திரம் இழுத்துக் கிழித்த வலது கை. புண் ஆறித் தழும்பாகிவிட்டது. ஆனாலும் முந்தானை உரசினால்கூட நெருப்புப் பட்டதுபோல் துடித்தாள்.

"எம்பிள்ளை ஆசையா வந்து கையப் பிடிக்கா டாக்டர். உதறித் தள்ளிர்றேன். இப்பல்லாம் அவ எங்கிட்ட வர்றதே இல்ல. மாமியார்கிட்டயே ஒட்டிக்கிட்டா."

"புண்தான் ஆறிடுச்சேம்மா. இது மனசுல இருக்கிற பயம்" என்றான் மாணிக்கவேல்.

அவள் எழுந்தாள். வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் ஆசிரியரிடம் போனான். "அந்தம்மா பொய் சொல்றாங்களா மேடம்?"

"தண்டுவடத்துல தொடுகைக்கு ஒரு இடம், வலிக்கு ஒரு இடம். கை நரம்பு அறுந்ததும் அங்க இருந்த தொடர்பெல்லாம் கலைஞ்சுபோச்சு. மறுபடி சேரும்போது, தொடுகை நரம்பு வலியோட இடத்துல போய் ஒட்டிக்கிச்சு. பிள்ளை மெல்லத்தான் தொடுறா. உள்ள போய்ச் சேர்றது நெருப்பு."

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு கேட்டான்.

"அப்ப அந்த நரம்பைத் தண்டுவடத்துக்கிட்டயே வெட்டிவிட்டா?"

"அதை அவகிட்டயே கேளு."

வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் சொன்னது தப்பும்மா. உங்க வலி நிஜம்தான்" என்றான். அதன் பிறகே அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நரம்பை வெட்டுவது பற்றிச் சொன்னான்.

"வெட்டிட்டா, பிள்ளை தொட்டாத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வேண்டாம் டாக்டர்."

அமலோற்பவம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்து மாணிக்கவேலின் கையில் வைத்தார்.

"தழும்புக்கு வெளிய, எரியாத இடத்துல ஆரம்பி. மெல்லத் தடவு. அவ போதும்னா நிறுத்திடு."

"இதுக்கெல்லாம் நரம்பு திரும்புமா மேடம்?"

"வழி மாறத் தெரிஞ்ச நரம்புதானே."

அவன் தடவினான். சில நாள் பஞ்சு பட்டதுமே கையை இழுத்துக்கொள்வாள். அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டில் அவளே தடவிக்கொண்டாள். பஞ்சு போய்ப் பழைய வேட்டித் துணி வந்தது, பிறகு சொரசொரப்பான துண்டு. எரிச்சல் மெல்ல மெல்லத் தழும்போரம் ஒதுங்கியது. மழைக்காலம் வந்து போனது.

ஒருநாள் மாமியாரோடு பிள்ளையும் வந்திருந்தாள். மாமியாரின் புடவைக்குப் பின்னால் நின்றபடி எட்டி எட்டிப் பார்த்தாள். செண்பகவல்லி கூப்பிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தானாகவே வந்து தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

செண்பகவல்லி பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. கையை உதறவில்லை.

"எரியுதாம்மா?" என்றான் மாணிக்கவேல்.

"எரியுது." பிள்ளையின் விரல்களைப் பார்த்தாள். "பிசுபிசுன்னும் இருக்கு டாக்டர். மிட்டாயத் தின்னுட்டுக் கையக் கழுவாம வந்திருக்கா."

மாணிக்கவேல் உள்ளே போனான்.

"இன்னும் எரியுதுன்னுதான் சொல்றாங்க மேடம். இதைக் குணம்னு சொல்ல முடியுமா?"

அமலோற்பவம் சன்னல் வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளும் அந்தக் கைக்கு நெருப்பு மட்டும்தான் வந்துச்சு. இன்னைக்குப் பிள்ளையும் வந்திருக்கா."