ஒரு பரிவட்டம், மூன்று தலை

மூன்று வரை எண்ணுவது எளிது என்று உலகம் நம்புகிறது. மிக அபாயகரமான இந்த நம்பிக்கையை முதலில் திருத்திவிடுகிறேன். ஒன்று எளிது. இரண்டும் பரவாயில்லை. மூன்றில்தான் பெரிய படிப்பாளிகள் எல்லாம் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். நெடுவாசற்பாளையத்து அரண்மனையில் ஒருவர் விழுந்தார்.

அவர் கஸ்பார் பாதிரியார். தாடியும் தொப்பியுமாகக் கடல் கடந்து வந்தவர். ராசா சொக்கலிங்க பூபதிக்கு ஒரு தூரக்கண்ணாடி பரிசளித்தார். ராசா மூன்று நாள் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. நாலாம் நாள் பாதிரியார் சொன்னதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

"கடவுள் ஒருவரே, மகாராசா. ஐயனார் தோப்பில் இருபத்தொரு மண் பொம்மைகளைக் கும்பிடுகிறார்கள். மடமை!"

உடனே உத்தரவு பிறந்தது. பொழுது சாய்வதற்குள் இருபத்தொன்றையும் உடைக்க வேண்டும். செய்தவரே உடைக்க வேண்டும். மறுத்தால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். செய்தவர் சுடலைமுத்து வேளார். தோப்புப் பூசாரியும் அவரே. சபையில் சம்மட்டியோடு நின்றார்.

அவைப் புலவர் உலகளந்தான் எழுந்தார்.

"நல்ல உத்தரவு மகாராசா. ஆனால் புதுச் சாமி ஊருக்குள் வந்தால் முதலில் அரண்மனைப் பரிவட்டம் கட்டுவது நம் வழக்கம். ஒரு சாமிக்கு ஒரு பட்டுத் துணி. அது முடியட்டும்."

ராசா தலையசைத்தார். பட்டு வந்தது.

"பாதிரியாரே, யார் தலையில் கட்டுவது?"

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி."

"அப்படியானால் மூன்று பட்டு."

"கூடாது! கடவுள் ஒருவரே."

"சரி, பிதாவுக்கு மட்டும்."

"ஐயோ, சுதனும் முழுக் கடவுள். ஆவியும் முழுக் கடவுள். எவரும் எவருக்கும் குறைந்தவர் அல்லர்."

"மூவரும் ஒரே ஆளா?"

"ஆள் மூன்று. கடவுள் ஒன்று."

"சுதன் சிலுவையில் இறந்தார் என்று முன்பு சொன்னீரே. அன்று பிதாவும் இறந்தாரா?"

"பிதா எப்படி இறப்பார்?"

"ஒருவர் இறந்தார், ஒருவர் இறக்கவில்லை, இருவரும் ஒரே கடவுள். எங்கள் ஊரில் இப்படிச் சாட்சி சொன்னால் ஓலையில் எழுதக்கூட மாட்டார்கள்."

பாதிரியார் முகம் சிவந்தது. "அது தேவ ரகசியம்! மனித அறிவுக்கு எட்டாது. நம்பத்தான் வேண்டும்."

"நம்பினேன்," என்ற புலவர் திரும்பினார். "வேளாரே, உம்முடைய சாமிகள் எத்தனை?"

வேளார் சம்மட்டியைக் கீழே வைத்தார். "எல்லாம் ஒரே குளத்து மண்ணுங்க ஐயா. ஆள் இருபத்தொண்ணு. சாமி ஒண்ணு."

"அதெப்படி?"

"அது ரகசியமுங்க."

பாதிரியார் துள்ளினார். "அபத்தம்! இருபத்தொன்று எப்படி ஒன்றாகும்?"

"அப்படியா?" என்றார் உலகளந்தான். "மூன்று வரை தேவ ரகசியம், நாலிலிருந்து மடமை. அந்தக் கோட்டைக் கிழித்தது யார், பாதிரியாரே?"

ராசா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தூரக்கண்ணாடி உருண்டு விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. உத்தரவு ரத்தானது. பட்டு வேளார் தலைக்குப் போனது.

அடுத்த ஆண்டு கொடை விழாவுக்கு ஐயனார் தோப்பில் இருபத்திரண்டு சிலைகள் நின்றன. கடைசிச் சிலைக்குத் தாடி இருந்தது. தொப்பியும் இருந்ததால் பரிவட்டத்தை அதன் மேலேயே கட்டினார்கள்.