ஒரு வருஷத்து விருந்தாளிகள்

தாமரைக் குளத்தங்கரையில் விலங்குகளும் பறவைகளும் சேர்ந்து கட்டிய மாதா கோயில் ஒன்று இருந்தது. மண் சுவர், ஓலைக் கூரை, முன்னால் ஒரு வெண்கல மணி. அங்கே நாரைதான் பங்குச் சாமியார். இறைச்சி சாப்பிடக் கூடாத வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடை இல்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

கோயில்பிள்ளையின் பெயர் சூசை. அவன் ஒரு குரங்கு. மணி அடிப்பது, பெருக்குவது, பூ வைப்பது, மெழுகுதிரி ஏற்றுவது எல்லாம் அவன் தலையில்தான். செய்யவும் செய்வான், செய்துகொண்டே முணுமுணுக்கவும் செய்வான்.

வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் வேலையைத் திரேசம்மாள் என்ற வாத்து எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டது. தன்னைப்போல உபசரிக்கச் சுற்று வட்டாரத்தில் ஆளே கிடையாது என்பது அவள் நினைப்பு. அது பொய்யும் இல்லை.

போன வருஷம் தவக்காலத்தில் மேற்குக் காடு தீப்பிடித்து எரிந்தது. அங்கிருந்து தப்பி ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் குளத்தங்கரைக்கு வந்து வளை தோண்டியது. புருஷன் பெயர் மிக்கேல், மனைவி பிரகாசி. கூடவே இரண்டு குட்டிகள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்கு வந்தபோது திரேசம்மாள் ஓடிப்போய்ப் பூமாலை போட்டாள். பானகம் கொடுத்தாள். முன் வரிசையில் புதுப் பாய் விரித்து உட்கார வைத்தாள். பூசை முடிந்ததும், "நம்ம பங்குக்குப் புதுசா வந்திருக்கிற குடும்பம் எழுந்து நிக்கட்டும்" என்றாள். நால்வரும் எழுந்து நின்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிரகாசிக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு வாசலை இழந்து வந்த இடத்தில் இப்படி ஒரு வரவேற்பா! "இனி இதுதான் நம்ம ஊர்" என்று புருஷனிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறும் புதுப் பாய், பானகம், கைதட்டல். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பூசை முடிந்து எல்லாரும் பாய் சுருட்டுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள். பிரகாசி போய் விளக்குமாற்றை எடுத்தால் திரேசம்மாள் பாய்ந்து வந்து பிடுங்கிவிடுவாள்.

"ஐயையோ, நீங்க எதுக்கு? நீங்க உட்காருங்க."

மிக்கேல் கூரைக்கு ஓலை தூக்கப் போனான். "உங்களுக்கு ஏங்க இந்தச் சிரமம்?" என்று அதையும் வாங்கிக்கொண்டாள். குட்டிகள் குளத்திலிருந்து பூப் பறித்து வந்தால், "செல்லங்களா, நீங்க போய் விளையாடுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அவர்கள் இன்னும் "புதுசா வந்திருக்கிற குடும்பம்"தான்.

மாதா திருவிழா நெருங்கியது. ஒருநாள் சூசை கோயில் முற்றத்தைப் பெருக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அணிலிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வந்து ஒரு வருஷம் ஆச்சு. மகராசி ஒரு துரும்பைத் தூக்கிப் போட்டிருப்பாளா? பாயில உட்கார்ந்து பானகம் குடிக்கத்தான் லாயக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் பிரகாசி நின்றிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

அந்த ஞாயிறு பார்த்து, நாரைச் சாமியார் பிரசங்கத்தில், "கோயில் எல்லாருக்கும் சொந்தம். கடவுள் கொடுத்த உடம்பால், நேரத்தால் எல்லாரும் உழைக்க வேண்டும்" என்றார். அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் பாதிப் பேர் திரும்பி முன் வரிசையைப் பார்த்தார்கள். பிரகாசி முட்களை ஒடுக்கிக்கொண்டு தலை குனிந்தாள். செய்யவும் விடாமல், செய்யவில்லை என்றும் சொன்னால் எங்கே போவது?

"நாம இங்க வேண்டாதவங்க. கரட்டுமலையில தம்பி இருக்கான். அங்கே போயிருவோம்" என்றான் மிக்கேல்.

"வழியில சிறுத்தை இருக்கே. ரெண்டு சின்னதுகளை வச்சுக்கிட்டு எப்படிப் போறது?"

"பார்த்துப் போவோம்."

பிரகாசிக்குப் போக மனமே இல்லை. ஆனாலும் மூட்டை கட்டினாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில், அழைப்புச் சொல்லத் திரேசம்மாள் அவர்கள் வளைக்கு வந்தாள். வாசலில் மூட்டையைப் பார்த்தாள். "என்ன இது, எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"முதல்ல உட்காருங்க அக்கா" என்று பிரகாசி பாய் விரித்தாள். "கிழங்கு வேகுது. சாப்பிட்டுத்தான் போகணும்."

திரேசம்மாள் உட்கார்ந்தாள். அடுப்பு புகைந்தது. ஊதலாம் என்று எழுந்தாள்.

"ஐயையோ, நீங்க எதுக்கு? நீங்க உட்காருங்க."

தண்ணீர் மொண்டு வரலாம் என்று குடத்தை எடுத்தாள். பிரகாசி பிடுங்கிக்கொண்டாள். கிழங்கை உரிக்கலாம் என்று அலகை நீட்டினாள். சட்டி தள்ளிப் போய்விட்டது. அழுத குட்டியைத் தூக்கப் போனாள். அதையும் மிக்கேல் வாங்கிக்கொண்டான். ஒருவரும் அவளோடு உட்கார்ந்து பேசவும் இல்லை. எல்லாருக்கும் வேலை இருந்தது, அவளைத் தவிர.

சும்மா இருந்து பழக்கமில்லாத வாத்து அவள். கிழங்கு வெந்து இறங்குவதற்குள் தவித்துப்போனாள்.

"அம்மா தாயே, எனக்கு ஏதாவது வேலை கொடு. சிறகு ரெண்டும் மரத்துப்போச்சு. என்னை என்ன வேத்து ஆள்னு நினைச்சியா?"

பிரகாசி வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள். இப்போது அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க இங்க உட்கார்ந்து ஒரு மணி நேரம்தான் ஆகுது. நாங்க ஒரு வருஷமா உட்கார்ந்திருக்கோம். பானகம் குடிச்சுட்டுச் சும்மா இருக்கோம்னு சூசை வாயால பேச்சும் வாங்கியாச்சு. விருந்தாளின்னா என்னைக்காவது கிளம்பிப் போகணும்தானே? நாளைக்கு விடியக்காலம் நாங்க கரட்டுமலைக்குக் கிளம்புறோம்."

திரேசம்மாள் கிழங்கைத் தொடாமலே எழுந்து கிளம்பினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. அன்பு என்று நினைத்துத்தான் எல்லாம் செய்தாள். ஆனால் தானே செய்ய வேண்டும், தன் பெயரே வர வேண்டும் என்ற ஆசை அதில் பாதி கலந்திருந்தது. அதை ஒப்புக்கொள்வது அவளுக்குக் கசந்தது. நேரே சூசையிடம் போனாள்.

"பிடுங்கினது நான். குறை சொன்னது நீ. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குடும்பத்தைச் சிறுத்தை வாய்க்கு அனுப்பப் பார்க்கிறோம்."

சூசை தலையைச் சொறிந்தான். "பழகாதவங்ககிட்ட எப்படி வேலை சொல்றது?"

"சொன்னாத்தானே பழகும்."

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். முள்ளம்பன்றிக் குடும்பம் மூட்டையோடு வளையை விட்டு வெளியே வந்தது. எதிரே திரேசம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவளிடம் பூமாலையும் இல்லை, பானகமும் இல்லை.

"பிரகாசி, மூட்டையை உள்ளே போடு. திருவிழா அசனப் பந்திக்கு ஐந்நூறு இலை தைக்கணும். சூசை ஒத்தையில கிடந்து அல்லாடுறான். உன் வீட்டுக்காரரை அடுப்புக்குக் குழி வெட்டச் சொல்லு. பிள்ளைங்க ஈர்க்குப் பொறுக்கட்டும். சீக்கிரம் வா."

நேற்று வேலை கேட்டுக் கெஞ்சிய நேரம் தவிர, ஒரு வருஷமாக "நீங்க" என்றே பேசியவள், இன்றைக்கு "நீ" என்றாள். பிரகாசி புருஷனைப் பார்த்தாள். மிக்கேல் மூட்டையை இறக்கினான்.

கோயில் முற்றத்தில் இலை தைக்கும் வேலை மும்முரமாக நடந்தது. பிரகாசி ஆசை ஆசையாகத் தைத்தாள். ஆனால் அவள் திரும்பும்போதெல்லாம் முதுகு முள், தைத்து அடுக்கிய இலையில் குத்தியது. சூசை ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அவ்வளவுதான், கத்திவிட்டான்.

"ஏம்மா, இலை தைக்கச் சொன்னா சல்லடை தைச்சு வச்சிருக்கியே! இதுல சாம்பார் நிக்குமா?"

போச்சு, மறுபடி மூட்டை கட்டிவிடுவாள் என்று திரேசம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிரகாசி சிரித்துவிட்டாள். விருந்தாளியை யாரும் திட்ட மாட்டார்களே! ஒரு வருஷத்தில் அவள் வாங்கிய முதல் திட்டு அது.

"நீ பறிச்சுட்டு வந்த இலை மட்டும் ரொம்ப ஒழுங்கோ? பாதி பழுப்பு. போய் நல்ல இலையாப் பார்த்துக் கொண்டு வா" என்று அவளும் பதிலுக்கு ஒரு போடு போட்டாள்.

சூசை முணுமுணுத்துக்கொண்டே இலை பறிக்கப் போனான். அன்றைக்கு அசனத்தில் பலருடைய இலையிலும் சாம்பார் ஒழுகத்தான் செய்தது. நாரைச் சாமியாருடைய வெள்ளை அங்கியும் தப்பவில்லை. அவர் அதைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வந்தவர்களை உட்கார வைத்து உபசரித்தால் அவர்கள் விருந்தாளிகள். பக்கத்தில் நிறுத்தி வேலையையும் பொறுப்பையும் கொடுத்தால்தான் அவர்கள் நம் வீட்டார்.