நடுக்கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

கோவைக்குப் பக்கத்தில் பம்பு செய்யும் கம்பெனி அது. மணிக்கொரு தரம் ஒரு இரும்புத் தண்டை எடுத்து அளந்து, சார்ட்டில் புள்ளி வைப்பார்கள். நடுவில் ஒரு கோடு. மேலேயும் கீழேயும் எல்லைக் கோடுகள்.

ஷிப்டு சூப்பர்வைசர் குமரகுருவுக்கு நடுக்கோட்டின் மேல் அப்படியொரு பக்தி. புள்ளி அதற்குக் கீழே இறங்கினால் போச்சு. அந்த ஆளை டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தி வாங்குவாங்கென்று வாங்கிவிடுவார். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று, அதே ஷிப்டில் வேலை பார்க்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம், தண்டு கடையும் மெஷினில் இருந்த சாரதாமணியை அப்படி நிறுத்தினார். மெஷினைப் பிடுங்கிக்கொண்டு கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அந்தம்மா வேலைக்கு வரவில்லை.

தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவி ரெஜினா. குமரகுருவைவிட வயதில் சின்னவர். ஆனாலும் சார்ட் படிக்க அவரிடம்தான் குமரகுரு கற்றுக்கொண்டிருந்தார்.

"திட்டினா அடுத்த புள்ளி மேலே ஏறிடுதுங்க மேடம். அப்ப நான் செய்யறது சரிதானுங்களே?"

ரெஜினா ஒரு தண்டையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துக் கொடுத்தார்.

"அளங்க."

அளந்தார்.

"இன்னொரு தரம். அதே இடத்துல."

அளந்தார். கடைசி இலக்கம் மாறியிருந்தது. மூன்றாம் தரமும் மாறியது. ரெஜினா மூன்றையும் புள்ளியாக வைத்தார். இரண்டாவது நடுக்கோட்டுக்குக் கீழே விழுந்தது. மூன்றாவது மேலே ஏறியது.

"தண்டு மாறுச்சா?"

"இல்லீங்க."

"அளந்த கை?"

"என்ற கைதானுங்க."

"கீழே இறங்கினதுக்கு யாரைத் திட்டலாம்? அப்புறம் ஏறுச்சே, யாரு திட்டி ஏறுச்சு?"

குமரகுருவின் முகம் சுருங்கிப்போனது.

"எல்லைக்குள்ளதானுங்களே இருக்குது. இது சும்மா, தானா ஆடறதுங்க."

"சாரதாமணியோட புள்ளியும் எல்லைக்குள்ளதான் இருந்துச்சு."

குமரகுரு உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது.

"நானே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வந்தர்றனுங்க."

"நேத்து நான் போனேன். வாசல்லயே நின்னு அழுதாங்க."

"என்ன சொன்னாங்க?"

ரெஜினாவின் கண் கலங்கியது.

"'என்ற கை எங்க தப்புப் பண்ணுச்சுனு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிட்டு வந்தர்றேன்'னாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்க போய்ச் சொல்லுங்க."