வலைக்குள் குந்தியிருப்பவர்

"எனக்குப் பின்னாலை ஆரோ குந்தியிருக்கினம், தங்கச்சி" என்றான் ஆரூரன்.

சங்கவி ஐஸ் சமப்படுத்தும் வண்டியில் இருந்தாள். இறங்கவில்லை. சாவியைத் திருப்பி இயந்திரத்தை மட்டும் நிறுத்தினாள்.

"எங்கை?"

"கோலுக்குள்ளை."

"எவ்வளவு நாளா?"

"பதினாலு மாசம்."

"அப்ப இனி அவர் வீட்டு ஆள்தான்."

ஆரூரன் சிரிக்கவில்லை. ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்தவனுக்குச் சிரிப்பு வராது.

அவன் ஐஸ் ஹொக்கி கோல்கீப்பர். சம்பளத்துக்கு விளையாடுகிறவன். கறுத்த ரப்பர் வட்டு ஒன்று, பக் என்பார்கள், மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும். புத்தியுள்ளவன் விலகி ஓடுவான். இவன் பதின்மூன்று வருடமாக அதற்கு நேரே போய் நின்று வயிறு வளர்க்கிறான். பன்னிரண்டாயிரம் பக்குகளைத் தடுத்திருக்கிறான் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள்.

அதில் ஒன்றும் அவனுக்கு ஞாபகமில்லை. விட்டதில் ஒன்றுதான் ஞாபகம்.

போன வருடம், தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டம், ஒரு கோல் விழுந்தால் முடிந்துவிடும் மேலதிக நேரம். யாரோ ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. இடது கைக்கும் விலாவுக்கும் நடுவில் புகுந்தது. பின்னால் கம்பத்தின் உட்பக்கத்தில் 'ணங்' என்றது. பிறகு வலை மெதுவாக அசைந்தது. அவ்வளவுதான். பதினெட்டாயிரம் பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஆரூரனும் போனான். அந்தச் சத்தமும் கூடவே போனது.

"இப்ப தடுத்த பக்குக்கும் அந்தச் சத்தம் கேக்குது" என்றான். "பக் என்ரை காலடியிலை கிடக்கும். பின்னாலை ணங் எண்டும். திரும்பிப் பாப்பன்."

"பார்த்தால்?"

"வெறும் வலை. அதுக்கிடையிலை ஒருத்தன் வந்து காலடியிலை கிடந்ததை உள்ளுக்கை தள்ளிப்போட்டுப் போயிடுவான். இப்பிடிப் பதினொரு கோல்."

"ஆரும் இல்லாத வலையை ஏன் பாக்கிறியள்?"

"பாக்கேக்கைதான் இல்லை. முன்னுக்குத் திரும்பினவுடனை வந்து குந்துகினம்."

கோல்கீப்பரின் கவசமெல்லாம் முன்பக்கத்துக்குத்தான். காலின் பின்பக்கத்தில் வாரும் காலுறையும் மட்டுமே உண்டு. அங்கேதான், முழங்காலின் மடிப்பில், மூச்சுப் படுவதாகச் சொன்னான். சூடான மூச்சு என்றும் சொன்னான். சொல்லும்போது அவனுடைய கை தானாகப் போய் முழங்காலுக்குப் பின்னால் பொத்திக்கொண்டது.

மனநல மருத்துவரிடம் போயாயிற்று. கண் மருத்துவரிடமும் போயாயிற்று. அம்மா பிள்ளையாருக்கு நூற்றியொரு தேங்காய் உடைத்தாள். பிள்ளையாருக்கு ஐஸ் ஹொக்கி பிடிபடவில்லை போலிருக்கிறது. செப்டெம்பரில் பயிற்சி முகாம். அதில் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தால் சாமானைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று அணி கடிதமே அனுப்பிவிட்டது. முப்பத்துநாலு வயதில் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

கடைசியில்தான் இன்னொரு கோல்கீப்பர் இந்தக் குளிர்நாட்டின் வடக்கிலுள்ள இந்தச் சிற்றூரின் பெயரைக் காதுக்குள் சொன்னான். அங்கே ஓர் ஐஸ் அரங்கு. அதைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. முன்பு கோல் காத்தவள். கோடையில் கோல்கீப்பர்கள் ஒவ்வொருவராக அவளிடம் போவார்கள். என்ன செய்தாள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வந்து பார்த்தால் அவளுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். குருவைத் தங்கச்சி என்று கூப்பிடுவது அவனுக்கே ஒருமாதிரித்தான் இருந்தது.

"சரி, அண்ணை" என்றாள் சங்கவி. "கவசத்தைப் போடுங்கோ. நான் உங்களுக்குப் பின்னாலை, வலைக்குள்ளை குந்தியிருக்கிறன்."

"நீங்களோ?"

"உங்களுக்குப் பதிலா நான் பாக்கிறன். ஆரும் வந்தால் சொல்லுறன். நீங்கள் திரும்பத் தேவையில்லை."

"பக் அடிக்கிறது ஆர்?"

"மெஷின். முப்பது பக்." அவள் வண்டியிலிருந்து குதித்தாள். "என்னட்டைக் கவசம் இல்லை. நீங்கள் விட்டால் எனக்குத்தான் அடி."

அவள் போய் அரங்கின் பின்கதவை அகலத் திறந்துவிட்டாள். வெளியே ஆடி மாதத்து மத்தியான வெயில். அந்தச் சூடு உள்ளே வந்து ஐஸைத் தொட்டதும் வெள்ளைப் புகை மாதிரிப் புகார் எழும்பியது. முதலில் கணுக்காலளவு, பிறகு இடுப்பளவு. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் முழுவதும் காணாமல் போயிற்று.

ஆரூரன் கோலின் முன்னால் போய் நின்றான். சப்பாத்தின் அடியிலிருந்த சறுக்குக் கத்தியால் ஐஸை இடமும் வலமும் சுரண்டினான். மட்டையால் இரண்டு கம்பங்களையும் தட்டினான். எல்லாம் பழக்கம்.

சங்கவியின் சறுக்குச் சத்தம் புகாருக்குள் தேய்ந்தது. தூரத்தில் மெஷின் உறுமத் தொடங்கியது. பிறகு சறுக்குச் சத்தம் ஓரமாக வளைந்து வருவது போல் கேட்டது. பின்னால் வலை ஆடியது.

முதல் பக் புகாரைக் கிழித்துக்கொண்டு வந்தது. நெஞ்சில் வாங்கினான்.

ணங்.

"ஒருத்தரும் இல்லை" என்றது பின்னாலிருந்து.

அவனுடைய கழுத்து தளர்ந்தது. திரும்பவில்லை.

இரண்டாவது. தோளில் பட்டு விழுந்தது. ணங்.

"ஒருத்தரும் இல்லை."

ஐந்தாவது, ஆறாவது. பக்குகள் கண்ணுக்குத் தெரிவதற்கும் உடம்பில் படுவதற்கும் இடையில் ஒரு மூச்சு விடவும் நேரமில்லை. ஆனாலும் தடுத்தான். பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டாவது பக் இடது பக்கத்தால் வந்தது. விலாவுக்குக் கிட்ட. அதே பக். அதன் வழி அவனுக்கு மனப்பாடம். கையை ஒடுக்கினான். தட்டுப்பட்டு விழுந்தது.

ணங்.

இந்தத் தடவை வலையும் அசைந்தது. அவனுடைய தலை தானாகத் திரும்பத் தொடங்கியது.

"பாக்காதை."

நின்றான். இவ்வளவு நேரமும் அண்ணை, போடுங்கோ என்று பேசியவள் இப்போது ஒருமையில் அதட்டுகிறாள். குருவென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முன்னால் பார்த்தான்.

"ஒருத்தரும் இல்லை" என்றது குரல், கொஞ்சம் ஆறுதலாக.

இருபது. இருபத்தைந்து. முப்பது.

மெஷின் ஓய்ந்தது. ஆரூரன் முகக்கவசத்தை நெற்றிக்கு உயர்த்தினான். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"எல்லாம் தடுத்திட்டன், தங்கச்சி!"

"ஓம், அண்ணை. பார்த்தனான்" என்றாள் சங்கவி.

குரல் முன்னாலிருந்து வந்தது.

புகார் மெல்ல விலகியது. எதிரே, ஐஸில் கீறிய கோட்டில் மெஷின். அதன் பக்கத்தில் பக்குகள் தீர்ந்த வாளி. வாளியின் மேல் கை வைத்தபடி சங்கவி.

"நீங்கள்... எப்ப அங்கை போனனீங்கள்?"

"நான் வரவேயில்லையே. மெஷின் தானா அடிக்கிற பகுதி இண்டைக்கெண்டு பழுதாப் போச்சு. ஒவ்வொண்டா நான்தான் போட்டனான். புகாருக்குள்ளை கத்திச் சொன்னனான். கேக்கேல்லையோ?"

ஆரூரன் அந்தக் குரலை நினைத்துப் பார்த்தான். பெண் குரலா? அடித்துச் சொல்ல முடியவில்லை. முதல் தடவை கேட்டபோதே அதை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியிருந்தது.

முழங்காலின் மடிப்பில் மூச்சுப் பட்டது. சூடாக, ஒரே சீராக.

அவனுக்குப் பயமாக இருந்தது. குழந்தைப் பிள்ளையைப் போலப் பயமாக இருந்தது. ஓடினால் என்ன என்று கால் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என்ன என்று கழுத்து கேட்டது. பார்த்தால் வெறும் வலைதான் இருக்கும். அது அவனுக்குத் தெரியும்.

"அண்ணை, வாளிக்குப் பின்னாலை இன்னும் ஒரு பக் கிடக்குது" என்றாள் சங்கவி. "அடிக்கட்டோ?"

ஆரூரன் முகக்கவசத்தை இறக்கினான்.

அவள் பக்கை மெஷினுக்குள் போட்டாள். போட்ட கையோடு மட்டையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே பாய்ந்து வந்தாள்.

பக் அவனுடைய வலது கால் கவசத்தில் மோதி, காலடியில் விழுந்து, சுழன்றது.

காத்திருந்தான். ணங் என்ற சத்தம் வரவில்லை.

"இருக்கிறன்" என்றது பின்னாலிருந்து.

சங்கவியின் மட்டை பக்கை நோக்கி நீண்டது. ஆரூரன் முன்னால் விழுந்தான். கையுறையால் பக்கைப் பொத்திப் பிடித்தான்.

அவளுடைய சறுக்குக் கத்திகள் கிறீச்சிட்டன. ஐஸ் தூள் அவன் முகத்தில் அடித்தது. அவன் தலையைத் திருப்பவில்லை. பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது; பக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

சங்கவி நிமிர்ந்தாள். அவனுடைய முதுகுக்கு மேலால் வலைக்குள் ஒரு தரம் பார்த்தாள். தெரிந்தவர்களைப் பார்த்தால் செய்வது போலத் தலையைச் சற்று ஆட்டினாள்.

"மூண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்றாள்.

"ஊத்துங்கோ, அக்கா" என்றான் ஆரூரன்.