கவனிக்க வேண்டாத செடி

"கவனிக்கவே வேண்டாத பூச்செடி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த அம்மை கையை நிறுத்தவில்லை.

"ஏன் ஐயா?"

"நந்தவனத்த என்கிட்ட விட்டுட்டீங்க. எனக்குச் செடி வளத்துப் பழக்கமில்ல. இனிமே எதையும் கவனிக்கத் தெம்பும் இல்ல."

அந்தச் சின்ன மடத்துக்கு அம்மைதான் தலைவி. பொன்னுரங்கத்தைவிட வயதில் ரொம்ப இளையவர். பொன்னுரங்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவி விருத்தாம்பாளை வருஷக்கணக்கில் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, அவளும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பையோடு இங்கே வந்து சேர்ந்தார். அமைதி தேடி வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் தேடி வந்தது தூக்கம். அது இங்கேயும் வரவில்லை.

வந்த ஆளை மடம் சும்மா விடுமா? பூசைக்குப் பூ கொண்டுவரும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டது.

புதிதாகத் தோட்டம் போடுகிற எல்லோரையும் போல அவரும் முதலில் ரோஜாவிடம் போய் மாட்டிக்கொண்டார். ரோஜா பூச்சி பிடித்துப் போனது. சாமந்தி ஒரு பருவம் பூத்துவிட்டுக் காய்ந்தது.

"அரளி வைங்க. நந்தியாவட்டை, செம்பருத்தி வைங்க," என்றார் அம்மை. "வேர் பிடிச்சிட்டாப் போதும், வருஷா வருஷம் அதுபாட்டுக்குப் பூக்கும். குச்சிய ஒடிச்சு ஊணிட்டு மறந்துடுங்க."

"அவ்வளவுதானா?"

"மறந்துடணும். அதுதான் முக்கியம்."

அவர் அன்றைக்கே ஊன்றிவிட்டார். சிரமமில்லாத வேலை ஒன்று கிடைத்ததில் அவருக்கு அத்தனை ஆறுதல்.

அடுத்த மாதம் திரும்பவும் வந்து நின்றார்.

"எல்லாம் அழுகிடுச்சும்மா."

அம்மை போய்ப் பார்த்தார். பாத்தி நாற்று நடலாம் போலச் சேறாகக் கிடந்தது. ஓர் அரளிக் குச்சியை உருவினார். அடிப்பக்கம் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது.

"தண்ணி எப்ப எப்ப ஊத்துனீங்க?"

"காலையில. சாயங்காலம். ராத்திரி முழிப்பு வர்றப்பல்லாம்."

"வேர் விட்டுச்சான்னு பிடுங்கிப் பாத்தீங்களா?"

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெனமும்."

"மறக்கச் சொன்னேனே ஐயா."

"படுத்தா அவ கூப்பிடற மாதிரியே இருக்கும்மா. புரட்டிப் போடற நேரம் வந்தா முழிப்பு தட்டிடுது. எந்திரிச்சிட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அம்மை குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஊருக்கே போயிடறேன்," என்றார் பொன்னுரங்கம். "கவனிக்க வேண்டாத செடியக்கூட என்னால வளக்க முடியல."

அழுதுவிடுவார் போலிருந்தது. அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"சரி, போங்க," என்றார் அம்மை. "நாளைக்குக் காலைப் பூசைக்கு மட்டும் பூ குடுத்துட்டுப் போங்க."

"பூவுக்கு எங்கம்மா போவேன்?"

அம்மை பின்மதிலைக் காட்டினார். அங்கே ஒரு பவழமல்லி மரம் நின்றது. அதை யார் வைத்தார்கள் என்று மடத்தில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதும் இல்லை.

பொன்னுரங்கம் அண்ணாந்து பார்த்தார். சாயங்கால வெளிச்சத்தில் கிளையெல்லாம் மொட்டு.

"விடியறதுக்கு முன்னாடி வந்து பறிச்சிடறேன்."

"பறிக்க வேணாம். அதுவா விழும்."

"கீழ விழுந்த பூ சாமிக்கு ஆகாதே?"

"மத்த பூ ஆகாது. இது ஆகும். அதுதான் வழக்கம்."

"மண்ணு ஒட்டுமே. நான் இங்கயே உக்காந்து, விழ விழ கையில ஏந்திக்கட்டுமா?"

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய், துவைத்து வைத்திருந்த வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார்.

பொன்னுரங்கம் அதை மரத்தடியில் விரித்தார். நான்கு மூலையிலும் கல் வைத்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவி எடுத்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் விருத்தாம்பாளுக்கு முதுகு புண்ணாகிவிடும்.

நீவி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன செய்யணும்மா?"

"போய்ப் படுங்க."

மறுநாள் முகத்தில் வெயில் சுட்டுத்தான் அவர் கண் விழித்தார். பதறிப்போய்ப் பின்மதிலுக்கு ஓடினார். வேட்டி தெரியாத அளவுக்குப் பூ உதிர்ந்து கிடந்தது. அம்மை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அசந்துட்டேம்மா."

"ம்."

"கோயில் மணிகூடக் காதுல விழல."

அம்மை நிறைந்த கூடையை அவரிடம் நீட்டினார்.

"எந்த பஸ்ஸுக்குப் போறீங்க?"

பொன்னுரங்கம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கூடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி அவ கூப்பிடவே இல்லம்மா," என்றார்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.